தங்கச்சி விழுங்கிய மாத்திரை

வாசல் பலகையில் 'இல்லம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில்லை. 'உள்ள' என்பார்கள். "நான் உள்ள வந்து மூணு வாரம்." இன்னொரு சொல் 'வெளிய'. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பிடித்தால் போலீஸ் அங்கேதான் கொண்டுவந்து விடும். பதினெட்டு தாண்டியவர்களுக்குப் பெரிய ஜெயில்.

நர்ஸின் அறை சமையல்கட்டை ஒட்டி இருந்தது. ஓர் எடை மெஷின், படுக்கவைத்துப் பார்க்க ஒரு மேஜை, கைரேகை வைக்கும் சின்னக் கருவி, இழுத்தால் பாதியில் சிக்கும் ஓர் இழுப்பறை. புதிதாக வருகிற பிள்ளையின் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் வைப்பது அவள் வேலை. விரலோடு பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் விரலை வைத்தாலும் அதே பெயர்தான் வரும்.

வாரத்துக்கு ஒருமுறை லேப் வண்டி வந்து புதிதாக வந்த எல்லோரிடமும் சளி வாங்கிப் போகும். டி.பி. இருக்கிறதா என்று பார்க்க. முடிவு வர ஐந்து வாரம். ஒரு பிள்ளை அங்கே சராசரியாகத் தங்குவது நான்கு வாரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மேலே யாருக்கும் தோன்றவில்லை. 'நூறு சதவீதம் பரிசோதனை' என்று கண்காணிப்பாளர் அறையில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அது பொய் இல்லை. எல்லோரையும் பரிசோதித்தார்கள். சொல்லத்தான் ஆள் இருக்காது.

நான்கு வருஷத்தில் பதினொரு பேருக்கு நோய் இருப்பதாகக் காகிதம் வந்தது. பதினொரு பேரும் வெளியே போயிருந்தார்கள். நர்ஸ் பதினொரு கடிதம் எழுதினாள். ஒன்பது திரும்பி வந்தன, இரண்டுக்குப் பதிலே இல்லை. பிடிபடுகிற பிள்ளை சரியான விலாசம் கொடுத்தால் வீட்டு மானம் போகும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும், போலீஸும் எழுதிக்கொள்ளும். ஒருத்தி கொடுத்த விலாசத்தை விசாரித்துப் போனபோது அது அவளைப் பிடித்த போலீஸ் ஸ்டேஷனின் விலாசமாகவே இருந்தது. காகிதங்கள் இழுப்பறையில் கிடந்தன. இழுப்பறை சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பன்னிரண்டாவது காகிதம் ஒட்டடையுடையது.

ஒட்டடைக் கம்பு மாதிரி உயரமாக, ஒல்லியாக இருந்ததால் வந்த அன்றே மற்ற பிள்ளைகள் வைத்த பெயர். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் வைத்துவிட்டுப் போகிற கைப்பைகளிலிருந்து போன் எடுத்ததாக வழக்கு. காகிதத்தில் வயது பதினாறு. சளி கொடுக்கிற அன்று வரிசையில் நின்றுகொண்டு நர்ஸை வம்புக்கு இழுத்தாள்.

"சிஸ்டர், இவ்ளோ போதுமா, இன்னும் வேணுமா?"

"இது வெறும் எச்சில். அடி நெஞ்சுல இருந்து வரணும்டி."

"அடி நெஞ்சுல இருக்கறதெல்லாம் வெளிய வந்தா நீங்க தாங்கமாட்டீங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்தது. இருமலில் சளியும் வந்தது. டப்பாவை மூடி நீட்டினாள். "இந்தாங்க, சுடச்சுட."

இருபத்தெட்டாவது நாள் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. நோய் இருக்கிறது.

நர்ஸ் நம்பிக்கை இல்லாமல்தான் அந்தப் பகுதியின் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்து பெயரையும் விலாசத்தையும் சொன்னாள். எடுத்தது களப்பணியாளர். வீடு வீடாகப் போய் டி.பி. மாத்திரை கொடுத்து, கண்முன்னால் விழுங்கவைப்பவர். அந்தப் பக்கம் எல்லோரும் அவரை மாத்திரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரும் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்வார்.

மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "சிஸ்டர், அதிசயம் நடந்திருக்கு. விலாசம் நிஜம். வீடு இருக்கு, அம்மா இருக்கு, பொண்ணும் இருக்கு. கொஞ்சம் அழுதுச்சு. நாளைலேருந்து காலைல ஏழு மணிக்கு நான் போயிடுவேன்."

"ஓடிரப் போறா, அக்கா. வாய்த்துடுக்கு ஜாஸ்தி."

"இதுவா? வாயைத் திறந்தா காத்துதான் வருது. அவ்ளோ சாது."

உள்ளே இருந்துவிட்டுப் போனால் சில பிள்ளைகள் அப்படி அடங்கிப்போவது உண்டு. நர்ஸ் அதற்குமேல் யோசிக்கவில்லை. நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஒரு காகிதம் அதன் சொந்தக்காரியைப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பிள்ளைகளைத் திட்டவில்லை என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

கண்காணிப்பாளருக்கு அதைவிடச் சந்தோஷம். ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் ஒதுக்கினார். "ஒரு போட்டோ வேணும்மா. முகம் தெரியவேண்டாம், முதுகுப் பக்கமா, கையில மாத்திரை. சம்மதக் கையெழுத்து மட்டும் நீ போய் வாங்கிட்டு வந்துடு."

மாத்திரை ஆரம்பித்து நாற்பத்தெட்டாவது நாள், தன் விடுமுறையில், நர்ஸ் போனாள். இரண்டாம் மாடி. ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. கதவைத் திறந்தது குட்டையாக, உருண்டை முகத்தோடு, விரலில் மைக்கறையோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். நர்ஸ் காகிதத்தில் இருந்த பெயரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டாள்.

"நான்தான்."

"உங்க வீட்ல அதே பேர்ல வேற யாராவது..."

"நான் ஒருத்திதான்."

கதவு மாறி வந்துவிட்டோம் என்று நர்ஸ் திரும்பப்போனாள். அப்போது அறையை இரண்டாகப் பிரித்து நின்ற பீரோவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. குரல் மாதிரி இருமலும் ஆளுக்கு ஆள் வேறு. அதை அவள் இருபத்தெட்டு நாள் கேட்டிருக்கிறாள்.

"வெளிய வாடி," என்றாள்.

ஒட்டடை வந்தாள். இன்னும் இளைத்திருந்தாள். "வாங்க சிஸ்டர். சளி பத்தலையா?"

அம்மா வேலையிலிருந்து வரும்வரை நர்ஸ் அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஓர் அலுவலகத்தில் தரை துடைப்பவர். நர்ஸின் வெள்ளைப் புடவையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, செருப்பைக் கழற்றாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

கதை சிக்கலானது இல்லை. பிடிபட்டபோது ஒட்டடைக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து மாதம். பெரிய ஜெயில் என்றால் இரண்டு வருஷம். ஸ்டேஷனில் பெயர் கேட்டபோது தங்கச்சி பெயரைச் சொன்னாள்; பிறந்த தேதி கேட்டபோது தங்கச்சியின் தேதியைச் சொன்னாள். மறுநாள் அம்மா தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளின் வழக்கை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். நான்கு வாரம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். முடிந்தும் விட்டது. அப்புறம் மாத்திரை அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"அந்தம்மா பேரைச் சொல்லிக் கேட்டாங்க," என்றார் அம்மா. "அப்படி ஒருத்திக்கு நோயே இல்லைன்னா, உள்ள போனது யாருன்னு கேப்பாங்கல்ல? நான் வாயடைச்சு நிக்கறேன். இது போய்க் கையை நீட்டிடுச்சு."

"இது" தலையைக் குனிந்துகொண்டது.

"சரி, அவ கையில வாங்கி இவளுக்குக் குடுத்திருக்கலாமே?" என்றாள் நர்ஸ். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு நர்ஸ் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று அவளுக்கே தோன்றியது.

தங்கச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது எங்களுக்குத் தோணாதா சிஸ்டர்? நாக்குக்கு அடியில ஒளிச்சுப் பார்த்தேன். டார்ச் அடிச்சுப் பாக்கறாங்க. அப்புறம் அஞ்சு நிமிஷம் பேச்சுக் குடுக்கறாங்க. நேத்து என்ன பாடம் நடத்தினாங்கன்னு கேட்டு, கணக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் எந்திரிக்கறாங்க. ஒருநாள் வாந்தி எடுத்தேன். உக்காந்திருந்து மறுபடி குடுத்துட்டுப் போனாங்க."

"மாத்திரையால ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போறா," என்றாள் ஒட்டடை. "எனக்கு இருமல், இவளுக்கு மாத்திரை. வேலையைப் பங்கு போட்டுக்கிட்டோம்."

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"உன் பேர்லயே நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதுதானே?"

"போனேன். ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற ஆஸ்பத்திரிக்கு. விரலை வைன்னாங்க. வெச்சேன். இவ பேர் வந்துச்சு. 'உனக்குத்தான் முப்பத்தோரு நாளா மாத்திரை போகுதே, ரெண்டு இடத்துல வாங்கி விக்கறியா'ன்னு ஒருத்தன் கத்தறான். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "நீங்கதானே சிஸ்டர் இதைப் பிடிச்சு வெச்சீங்க."

பக்கத்துத் தெரு டாக்டர் இருமல் டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று காலி பாட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் தங்கச்சியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள், நோய் பரவும் என்று. வீட்டில் அவள் அக்காவோடு ஒரே போர்வையில் தூங்கினாள்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க," என்றாள் நர்ஸ். "ஏதாவது பண்றேன்."

பண்ணவில்லை. பண்ண முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயர் தப்பு என்று எழுதினால்தான் விரல் திருந்தும். எழுதினால் போலீஸுக்குப் போகும். ஒட்டடை பெரிய ஜெயிலுக்கு, பொய்ச் சான்று கொடுத்ததற்கு அம்மாவும் பின்னாலேயே. ஒருநாள், பேச்சுக்கு என்று சொல்லிக் கண்காணிப்பாளரைக் கேட்டாள்: ஒரு பிள்ளை வேறு யார் பெயரையாவது கொடுத்திருந்தால் என்ன செய்வோம்?

"பேச்சுக்குக்கூட அப்படிப் பேசாதேம்மா. பேசினா எழுதணும். எழுதினா அனுப்பணும்." அவர் ஆண்டறிக்கையின் அட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து வாங்கினியா?"

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருக்கு, மேடம்."

இரண்டு நாள் பதின்மூன்று நாளானது. பதின்மூன்றாவது நாள் மத்தியானம் போலீஸ் வண்டி வந்தது. ஒட்டடை இறங்கினாள். அதே துணிக்கடை. போனை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து, காவலாளி பக்கத்தில் நின்றுகொண்டாளாம்.

"இந்த மாதிரி ஒரு திருடியை நான் பார்த்ததே இல்ல," என்றார் கூட வந்த பெண் போலீஸ். "பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்குது."

அறைக் கதவைச் சாத்தியதும் நர்ஸ், "உனக்கு மூளை இருக்கா?" என்றாள்.

"ஓடினா மூச்சு வாங்குது சிஸ்டர்." ஒட்டடை தானாகவே போய்க் கருவியில் விரலை வைத்தாள். தங்கச்சி பெயர் வந்தது. வயது பதினாறு. இரண்டாம் முறை. டி.பி. சிகிச்சையில் இருப்பவர். "பாருங்க. இங்க வந்துட்டா மாத்திரை இங்க வரும். ரெண்டாவது தடவைன்னா சீக்கிரம் விடவும் மாட்டாங்க. அவ வீட்ல சும்மா இருக்கலாம். நீங்க ரெண்டு நாள் கேட்டீங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு இந்த ஒரு வழிதான் தெரிஞ்சுது."

நர்ஸ் அவளை அடிக்கவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. கோடியில் இருந்த தனி அறையைச் சுத்தம் செய்யச் சொன்னாள்.

மாத்திரைப் பெட்டி மறுநாள் வந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் ஒட்டடைக்கும் அவளுக்கும் தோன்றாமல் போன ஒன்று தெரிந்தது. டி.பி.க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து. அடுத்த நாலு மாதம் இரண்டே மருந்து. கணக்குப்படி அறுபது நாள் முடிந்துவிட்டது. பெட்டியில் இருந்தது இரண்டு மருந்து. நோய் முற்றிய நெஞ்சுக்கு அதைக் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். கிருமி சாகாது; அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது.

முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நர்ஸ் புதிதாகச் சளி எடுத்து, தானே பஸ் ஏறிப் பெரிய லேபில் கொடுத்து, வாசலில் காத்திருந்து முடிவு வாங்கி வந்தாள். நோய் அப்படியே இருக்கிறது. படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். இரண்டு கட்டம். ஒன்று: மருந்து வேலை செய்யவில்லை. அதில் குறியிட்டால் ஒன்றரை வருஷத்துக்குக் கடும் மருந்துகள் வரும். அந்த மருந்துகளால் காது கேட்காமல் போனவர்களை அவளுக்குத் தெரியும். இரண்டாவது: நோயாளி மருந்தைச் சரியாக விழுங்கவில்லை. அதில் குறியிட்டால் பழைய நாலு மருந்து, முதல் நாளிலிருந்து. மருந்தை வேறு ஒருத்தி விழுங்கிவிட்டாள் என்று ஒரு கட்டம் இல்லை.

"ரெண்டாவதுதானே போடணும்?" என்றாள் ஒட்டடை. படிவத்தை அவளும் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டாவது போட்டா, முழுங்கவெச்சவங்க சரியில்லைன்னு ஆகும்."

ஒட்டடை படிவத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "மாத்திரை அக்கா ஒருநாள் மழையில முழங்கால் தண்ணில வந்தாங்க. பீரோவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். பெட்டியைத் தலைல வெச்சுக்கிட்டு."

நர்ஸ் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள்.

நாலு மருந்து வந்தது. ஒட்டடைக்கு அது ஒத்துக்கொண்டது. இரண்டாவது வாரமே காய்ச்சல் நின்றது. மாத்திரை அக்காவுக்கு மெமோ வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் மெமோ: அறுபது நாள் மருந்து விழுங்கவைத்ததாகப் பொய்க்கணக்கு எழுதியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும்.

பத்தாவது நாள் அவர் நேரில் வந்தார். குரலை வைத்து நர்ஸ் பெரிய உருவமாக நினைத்திருந்தாள். சின்ன ஆள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சண்டைக்கு வரலை சிஸ்டர். உங்க மேல தப்பில்ல. ரிசல்ட் அப்படி வந்தா நீங்க வேற என்ன எழுதுவீங்க? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எப்படி ஏமாத்துச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேக்கணும். நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பேச்சுக் குடுத்தேன். எங்க வெச்சிருந்துச்சு? தெரிஞ்சா அடுத்தவங்ககிட்ட ஜாக்கிரதையா இருப்பேன்ல?"

பார்க்க அனுமதி இல்லை என்று நர்ஸ் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். மடியில் இருந்த ஹெல்மெட்டின் உள்பக்கம், மாத்திரை கொடுக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. நர்ஸ் எழுந்து முன்னால் நடந்தாள்.

தனி அறை ஜன்னல் வழியாக மாத்திரை அக்கா பார்த்தார். ஒட்டடை கட்டிலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

ஒட்டடை எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். "அக்கா, நான் அவளோட அக்கா," என்றாள்.

மாத்திரை அக்கா அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கெட்டிக்காரி, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி நர்ஸின் அறைக்கு வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அப்ப அது முழுங்குச்சு."

"ஒருநாள் விடாம."

"நோயில்லாத பிள்ளைக்கு அறுபது நாள் விஷத்தைக் குடுத்திருக்கேன். வாந்தி எடுத்ததுக்கு மறுபடியும் குடுத்தேன். அதைக்கூட நான் பொறுத்துக்குவேன் சிஸ்டர், எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதினீங்க."

"வேற வழி..."

"வழி இருந்துச்சு. எம் முதுகு மேல இருந்துச்சு, அதுல நடந்துட்டீங்க." அவர் கத்தவில்லை. "எனக்கு ரெண்டு பசங்க. வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். பத்தொன்பது வருஷம் நான் செஞ்சதெல்லாம் பொய்யின்னு ஒரு டிக் மார்க்குல போட்டுட்டீங்க. நீங்க நல்லவங்கதான், ஒத்துக்கறேன். நல்லவங்ககிட்டதான் இப்பல்லாம் பயமா இருக்கு."

அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த நாலு மருந்து எத்தனை நாள் முடிஞ்சிருக்கு?"

"முப்பத்திரண்டு."

"அறுபது முடியட்டும். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கலை; உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டு, விளக்கத்துக்கு வாய்தா கேக்கறேன். அறுபத்தோராவது நாள் நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுத்துருவேன். கெஞ்சாதீங்க. எனக்கும் ஒரு பேர் இருக்கு."

நர்ஸ் கெஞ்சவில்லை. அந்த இருபத்தெட்டு நாளும் ஒட்டடை காலை ஏழு மணிக்கு மாத்திரை விழுங்கினாள். எடை நாலு கிலோ ஏறியது. இருமல் போனது, போனதும் அவள் சிரிப்புச் சத்தம் தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. வெளியே வேறு ஒன்று நடந்திருந்தது. அந்தப் பெயருள்ள மாணவி காவலில் இருக்கிறாள் என்று, இரண்டாம் முறை என்பதால், பள்ளிக்கூடத்துக்கு அறிக்கை போய்விட்டது. வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார். நான் காவலில் இல்லை, இதோ நிற்கிறேன் என்று சொன்னால் அக்கா மாட்டிக்கொள்வாள். தங்கச்சி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வருஷத் தேர்வு அவள் எழுதவில்லை.

மாத்திரை அக்கா சொன்ன வாக்குத் தவறவில்லை. அறுபத்தோராவது நாள் காலையில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பெரிய ஜெயிலிலிருந்து வண்டி வந்தது. கண்காணிப்பாளர் முதலில் அச்சகத்துக்குப் போன் செய்து ஆண்டறிக்கையை நிறுத்தச் சொன்னார். அப்புறம்தான் நர்ஸைக் கூப்பிட்டுத் திட்டினார்.

ஒட்டடையோடு மருந்துப் பெட்டியை அனுப்ப நர்ஸ் வாசலுக்கு ஓடினாள். பெட்டியில் தங்கச்சி பெயர் அச்சடித்திருந்தது. கைதியின் காகிதத்தில் வேறு பெயர். வாங்கமாட்டேன் என்றார் வண்டியில் வந்த அதிகாரி. "அவளுக்கு நோய் இருந்தா அங்க டெஸ்ட் பண்ணி அங்கயே குடுப்பாங்க."

"விடுங்க சிஸ்டர்," என்றாள் ஒட்டடை. வண்டியின் கம்பி வழியாக அவள் கை மட்டும் தெரிந்தது. "தங்கச்சியைப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்களான்னு மட்டும் போய்க் கேளுங்க."

ஐந்தாவது நாள் நர்ஸ் பெரிய ஜெயிலின் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"பேர் சொல்லுங்க."

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமும் தங்கச்சியின் பெயரும் பட்டப்பெயரும்தான் வாயில் இருந்தன. மாற்றல் உத்தரவைத் தேடி எடுத்து, அதிலிருந்து படித்துச் சொன்னாள்.

"ம், வந்திருக்கு. சளி எடுத்துப் பார்த்தாச்சு. இங்க நாலு நாள்ல ரிசல்ட் வந்துரும். ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு."

"மருந்து குடுக்கறீங்களா டாக்டர்?"

"எதுக்கு?"

"ரெண்டு மாசம் மருந்து சாப்பிட்டிருக்கா. அதான் சளியில தெரியலை. உள்ள இன்னும் இருக்கும். இன்னும் நாலு மாசம் குடுக்கணும், நிறுத்தினா திரும்பி வந்துரும்."

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. "இந்தப் பேர்ல எந்த டி.பி. சிகிச்சையும் பதிவாகலையே."

"வேற பேர்ல இருக்கு."

"வேற பேர்ல இருக்கறதை நான் எப்படி எடுத்துக்கறது? கோர்ட்டு பேரைத் திருத்தி அனுப்பட்டும். அதுக்கு ஆறேழு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் பாருங்க, ஆளும் நல்லாத்தான் இருக்கு, ரிசல்ட்டும் நல்லா வந்திருக்கு. நல்ல சேதிதானே சிஸ்டர்?"

நர்ஸ் அன்றே எழுதினாள். சளி வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்து, யார் கட்டைவிரலை யார் பெயரில் வைத்தது, யார் விழுங்கினாள், யார் விழுங்கவில்லை, எந்தக் கட்டத்தில் யார் பொய்யாகக் குறியிட்டது, எத்தனை நாள் எந்த மருந்து யார் கையால் கொடுக்கப்பட்டது என்று மூன்று பக்கம். கீழே தன் பதிவு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண்காணிப்பாளர் நின்றபடியே படித்தார்.

"இதைக் குடுத்தா வேலை மட்டும் இல்லம்மா, கேஸும் வரும்."

"அந்த ரெண்டு மாச மருந்துக்கு வேற சாட்சி இல்ல, மேடம்."

"சாட்சியா? நீ குற்றவாளிம்மா. குற்றவாளி சொல்றதை வெச்சு எவனாவது மருந்து குடுப்பானா?"

நர்ஸ் பக்கங்களை வாங்கி மடித்து ஓர் உறையில் போட்டாள். தபாலில் போனால் நாளாகும் என்று, மறுநாள் தற்காலிக நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உறையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். பெரிய ஜெயிலின் வாசலில், பார்வையாளர் வரிசை முடிகிற இடத்தில், கடிதம் வாங்க ஒரு சின்னத் துவாரம் இருந்தது. உள்ளே இருந்த காவலர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டருக்கா? டாக்டர் லீவு. திங்கக்கிழமை வருவார்."

"அவசரம். இன்னிக்கே யாராவது படிக்கணும்."

"கைதிக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் யோசித்தாள். "மருந்து குடுத்தவ."

"உறவு கேட்டேன்."

"உறவு இல்ல."

"அப்ப தட்டுல போட்டுட்டுப் போங்க." காவலர் உறையை ஒரு தட்டில் வைத்தார். தட்டில் ஏற்கனவே நிறைய உறைகள் இருந்தன. அவளுடையது வழுக்கிக் கீழே விழ, குனிந்து எடுத்து, மற்றவற்றுக்கு அடியில் செருகினார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் நகர்ந்து சுவரோரம் நின்றாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒட்டடைக்கு மருந்து நின்று அன்றோடு ஆறு நாள்.